இரண்டு கம்பிகளில் முடிந்த ஒரு தளபதியின் வாழ்க்கை

ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் பக்கம் போகும்போது அண்ணாந்து பார்த்தால், தேயிலை மலைகளுக்கு மேலே மின்கம்பிகள் ஓடுவதைக் காணலாம். 1950இல் லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கிய காலத்திலிருந்து, இந்த மலைகளில் விழும் தண்ணீர் மின்சாரமாகிக் கம்பி வழியே கொழும்புக்குப் போகிறது. லயத்தில் இருப்பவர்களுக்கு அது பழகிய காட்சி. ஆனால் அதே பள்ளத்தாக்கில் தாழப் பறந்து வரும் ஹெலிகொப்டரின் விமானிக்கு அந்தக் கம்பிகள் கடைசி நொடி வரை தெரியாமலே போகலாம்.

அப்படித் தெரியாமல் போன இரண்டு கம்பிகள்தான், 1963இல் லெப்டினன்ட் ஜெனரல் தௌலத் சிங்கின் உயிரைப் பறித்தன. 1962 இந்திய - சீனப் போரின்போது லடாக் முதல் பஞ்சாப் வரையான எல்லைக்குப் பொறுப்பாக இருந்த தளபதி அவர். அந்தப் போரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவரை மறப்பதில்லை. காரணம், அவர் பெற்ற வெற்றியல்ல. போருக்கு முன்பே அவர் கொடுத்த எச்சரிக்கை.

பிரித்தானிய இந்திய இராணுவத்தில் சேர்ந்து, சுதந்திரத்துக்குப் பிறகு உயர் பதவிகளுக்கு வந்த தலைமுறையைச் சேர்ந்தவர் தௌலத் சிங். 1961இல் மேற்குக் கட்டளைப் பீடத்தின் தலைமை அவரிடம் வந்தது. அதன் தலைமையகம் அப்போது சிம்லாவில் இருந்தது. நமது நுவரெலியாவைப் போலவே, வெள்ளைக்காரர்கள் குளிருக்காகத் தேடிப்பிடித்துக் கட்டிய மலை நகரம் அது.

அந்தக் காலத்தில் டெல்லி ஒரு கொள்கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. சீனா உரிமை கோரும் லடாக் நிலத்தில் சிறுசிறு காவல் நிலைகளை முன்னே கொண்டுபோய் வைத்தால், சீனர்கள் சுடமாட்டார்கள், பின்வாங்குவார்கள் என்பது அதன் கணக்கு. வரைபடத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. நிலத்திலோ நிலைமை வேறு. பல நிலைகளுக்குப் பாதை கிடையாது. அரிசியும் தோட்டாவும் வானத்திலிருந்துதான் இறங்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் ஆட்களும் ஆயுதங்களும் பல மடங்கு. வீதியும் இருந்தது.

1962 ஓகஸ்டில் தௌலத் சிங் இராணுவத் தலைமையகத்துக்குக் கடிதம் எழுதினார். அதன் சாரம் எளிமையானது. கையில் இருக்கும் படைபலத்தைப் பார்த்துத்தான் அரசியல் இலக்கை வகுக்க வேண்டும். இலக்கை முதலில் எழுதிவிட்டுச் சிப்பாய்களை அதற்குள் தள்ளக்கூடாது. பலம் சேரும்வரை முன்னேறுவதை நிறுத்துங்கள் என்று கேட்டார். டெல்லி கேட்கவில்லை.

கல்வான் பள்ளத்தாக்கு நிலை அந்த ஜூலையிலேயே முற்றுகையிடப்பட்டிருந்தது. ஒக்டோபர் தொடக்கத்தில் அங்கிருந்தவர்களை மாற்றி, புதிய அணியை ஹெலிகொப்டரில் கொண்டுபோய் இறக்கினார்கள். ஒக்டோபர் 20ஆம் திகதி போர் வெடித்த முதல் நாளிலேயே அந்த நிலை வீழ்ந்தது.

அதன் பிறகு தௌலத் சிங் செய்ததுதான் முக்கியம். காப்பாற்ற முடியாத சிறு நிலைகளிலிருந்து ஆட்களைப் பின்னுக்கு எடுத்தார். காஷ்மீர்ப் பக்கமிருந்த படைகளை லடாக்குக்கு நகர்த்தினார். லே நகரையும் சுஷுலையும் காப்பதில் பலத்தைக் குவித்தார். இந்திய விமானப்படை சுஷுலுக்குத் தாங்கிகளை விமானத்தில் ஏற்றிவந்து இறக்கியது. நவம்பர் 18ஆம் திகதி றெசாங் லாவில் மேஜர் ஷைத்தான் சிங்கின் அணி ஏறக்குறைய முழுவதுமாக மடிந்தது. ஆனாலும் சுஷுல் கிராமம் சீனர் கைக்குப் போகவில்லை. கிழக்கு எல்லையில் படையணிகள் சிதறி ஓடிக்கொண்டிருந்த அதே நாட்களில், மேற்கில் தளபதியின் கை நடுங்கவில்லை. தோல்வியை ஆராய்ந்த ஹென்டர்சன் புரூக்ஸ் அறிக்கையின் ஒரு பகுதி 2014இல் இணையத்தில் வெளியானபோது, அவரது எச்சரிக்கைகள் மீண்டும் பேசப்பட்டன.

போர்நிறுத்தம் வந்து சரியாக ஒரு வருடம். 1963 நவம்பர் 22ஆம் திகதி, தௌலத் சிங் பூஞ்ச் எல்லையைப் பார்வையிடப் போனார். ஏறிய ஹெலிகொப்டர் அலுவெட் 3. பிரான்ஸில் வடிவமைக்கப்பட்ட, உயர்ந்த மலைகளில் பறப்பதற்குப் பேர்பெற்ற இலகுரக ஹெலிகொப்டர். அவருடன் 15ஆவது படைப்பிரிவின் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் பிக்ரம் சிங், 1961இல் கோவா மீதான விமானத் தாக்குதல்களை வழிநடத்திய எயார் வைஸ் மார்ஷல் எர்லிக் பின்டோ, மேஜர் ஜெனரல் நானாவதி, பிரிகேடியர் ஓபரோய் ஆகியோரும் இருந்தார்கள். ஓட்டியவர் பிளைட் லெப்டினன்ட் சோதி.

பூஞ்ச் பள்ளத்தாக்கில் ஆற்றுக்குக் குறுக்கே கட்டியிருந்த இரண்டு கம்பிகளில் ஹெலிகொப்டர் மோதியது. ஆறு பேரும் இறந்தார்கள். எல்லையோரம் என்பதால் சதி என்ற பேச்சு உடனே கிளம்பியது. விசாரணை அதை ஏற்கவில்லை. காரணம் கம்பிதான். அன்றிரவே அமெரிக்காவில் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டார். மறுநாள் உலகம் முழுக்க அந்தச் செய்திதான்.

அனுபவமுள்ள விமானிக்கு ஏன் கம்பி தெரிவதில்லை? வெயிலிலும் மழையிலும் நிறம் மங்கிய கம்பி, பின்னால் இருக்கும் காட்டோடும் பாறையோடும் கலந்துவிடும். வானத்தைப் பின்னணியாக வைத்துக் கீழிருந்து பார்க்கும் நமக்குத் தெரிவது, மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. அதனால்தான் கம்பியைத் தேடாதே, கம்பத்தைத் தேடு என்று விமானிகளுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் பள்ளத்தாக்கில் ஒரு கம்பம் இந்த மலையிலும் மற்றது எதிர்மலையிலும் மரங்களுக்குள் மறைந்து நிற்கும். நடுவில் வெட்டவெளி. சிறிய ஹெலிகொப்டர் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். தாழப் பறப்பதும் ஒடுங்கிய இடத்தில் இறங்குவதும்தான் அதன் வேலையே. மூக்கின் மேலும் கீழும் பொருத்தும் கம்பி வெட்டும் கத்திகள் 1970களின் பிற்பகுதியில்தான் உருவாகின.

பூஞ்ச் விபத்துக்குப் பிறகு, மூத்த தளபதிகள் பலர் ஒரே விமானத்தில் பயணிக்கக்கூடாது என்பதில் இந்தியப் படைகள் கண்டிப்புக் காட்டின. தேவையான விதிதான். ஆனால் அது தலைமையைக் காக்கும் விதி. விமானியை அது காக்காது. எத்தனை ஹெலிகொப்டர்களில் பிரித்து ஏற்றினாலும், ஒவ்வொன்றிலும் ஒரு சோதி இருப்பார். கம்பியும் அதே இடத்தில் இருக்கும்.

அலுவெட் 3தான் பின்னர் இந்தியாவில் சேட்டக் என்ற பெயரில் தயாரிக்கப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நம் நாட்டைப் புரட்டிப்போட்டபோது, இந்தியக் கடற்படையின் சேட்டக்குகளும் மீட்புப் பணிக்கு வந்தன. மண்சரிவில் வீதிகள் அறுந்து தனித்துப்போன மலையக ஊர்களுக்கு அந்த நாட்களில் வானம்தான் வழி. நாளை இன்னொரு மழையிலும் அதுவே வழியாக இருக்கும்.

அப்போது வருகிற விமானிக்கு நம் மலைகளைத் தெரியாது. எந்தப் பள்ளத்தாக்கில் உயர் அழுத்தக் கம்பி குறுக்கே போகிறது, எந்தத் தோட்டத்தில் கொழுந்து மூட்டை இறக்கக் கட்டிய பழைய கம்பி இன்னும் தொங்குகிறது என்பது அந்தத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். அந்தத் தகவலைத் தோட்ட நிருவாகங்களும் பிரதேச செயலகங்களும் திரட்டி வரைபடத்தில் ஏற்றுவதற்குப் பெரிய செலவில்லை. முக்கியமான இடங்களில் கம்பியில் செம்மஞ்சள் நிற உருண்டைகளை மாட்டுவது உலகெங்கும் நடக்கிற வேலை.

நிலத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்பதுதான் தௌலத் சிங் தன் மேலிடத்துக்குச் சொன்ன ஒரே விஷயம். அவர் உயிர் போனதும் நிலத்தில் இருந்த ஒன்று கண்ணில் படாததால்தான்.