பூலித்தேவர்

பூலித்தேவர் (1715 - 1767), சங்கரன்கோவிலுக்கு அருகிலுள்ள நெற்கட்டும்செவலைத் தலைமையிடமாகக் கொண்டு ஆட்சி புரிந்த பாளையக்காரர் ஆவார். இவர் புலித்தேவன் எனவும் அழைக்கப்படுகிறார். ஆற்காட்டு நவாபும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியும் கோரிய கப்பத்தைச் செலுத்த மறுத்து, பீரங்கிகளுடன் வந்த படைகளை மண்கோட்டைகளில் இருந்தவாறு எதிர்த்துப் போரிட்டார்.

இளமையும் பாளையமும்

காத்தப்ப பூலித்தேவர் என்பது இவரது இயற்பெயராகும். சித்திரபுத்திரத் தேவர், சிவஞான நாச்சியார் ஆகியோரின் மகனாக 1715 செப்டம்பர் 1 அன்று பிறந்தார் என்று மரபாகக் கூறப்படுகிறது. மதுரை நாயக்கர் ஆட்சி முடிவுற்ற பின்னர், பாளையங்களின் மீதான உரிமையை ஆற்காட்டு நவாப் கோரினார். கம்பெனியிடம் பட்ட கடனுக்கு ஈடாக நவாப் முகமது அலி வரி வசூலிக்கும் உரிமையை அதற்கு அளித்தார். இதுவே மோதலுக்கு அடிப்படைக் காரணமாயிற்று.

1755 படையெடுப்பு

1755 ஆம் ஆண்டில் கர்னல் ஹெரான், நவாபின் தமையன் மாபூஸ்கான், யூசுப்கான் (மருதநாயகம்) ஆகியோர் தென்பாளையங்கள் மீது படையெடுத்தனர். நெற்கட்டும்செவல் கோட்டையை முற்றுகையிட்ட ஹெரான், 20,000 ரூபாய் கப்பம் கோரினார். பூலித்தேவர் அதனைச் செலுத்த மறுத்தார். மண்சுவரைத் தகர்க்கப் போதிய கனரகப் பீரங்கிகளோ படைக்கு வேண்டிய உணவுப் பொருள்களோ இல்லாததால் ஹெரான் பின்வாங்க நேர்ந்தது. பின்னர் அவர் இராணுவ விசாரணைக்கு உட்படுத்தப்பட்டுப் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

கூட்டமைப்பு

இதன்பின் பூலித்தேவர் மேற்குப் பாளையக்காரர்களை ஒன்றிணைத்துக் கூட்டணி அமைத்தார். திருவிதாங்கூர் மன்னரின் ஆதரவும் தொடக்கத்தில் கிடைத்தது. எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சிப் பாளையங்கள் இதில் இணையவில்லை. 1756 இல் திருநெல்வேலி அருகே நடைபெற்ற போரில் இவரது நண்பர் முடேமியா கொல்லப்பட்டார். 1759 இல் யூசுப்கான் களக்காட்டுப் பகுதியை விட்டுக்கொடுத்துத் திருவிதாங்கூரைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பீரங்கிகளும் கோட்டைகளின் வீழ்ச்சியும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரிய பீரங்கிகள் வந்து சேராமல் நெற்கட்டும்செவலைத் தாக்க யூசுப்கான் முற்படவில்லை. ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரர்களுடன் போரிட்டுக் கொண்டிருந்தமையால் அவை 1760 செப்டம்பரில்தான் வந்தன. அதன்பின் சுமார் இரண்டு மாதங்கள் கோட்டை பீரங்கித் தாக்குதலுக்கு உள்ளானது. 1761 இல் புதுச்சேரி வீழ்ந்ததால் பிரெஞ்சு உதவிக்கான வாய்ப்பும் மறைந்தது; கூட்டணிப் பாளையங்களும் விலகின. 1761 மே 16 அன்று நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் யூசுப்கான் வசமாயின.

1764 இல் யூசுப்கானைக் கம்பெனியும் நவாபும் தூக்கிலிட்டனர். அதன்பின் பூலித்தேவர் திரும்பிவந்து மீண்டும் படை திரட்டினார். 1767 இல் காம்பெல் தலைமையிலான படை வாசுதேவநல்லூரை முற்றுகையிட்டது. குண்டுகள் பொழிந்த வேளையிலும் கோட்டை வீரர்கள் வைக்கோல், மண், பனைமரம் ஆகியவற்றைக் கொண்டு சுவரின் உடைப்புகளை அடைத்தனர். அவர்களது துணிவைக் காம்பெலே வியந்து பதிவு செய்துள்ளார். முடிவில் கோட்டை வீழ்ந்தது. பூலித்தேவர் தப்பிச் சென்றார்.

படைத்தலைவர்கள்

ஒண்டிவீரன், வெண்ணிக் காலாடி ஆகியோர் இவரது படைத்தலைவர்களாக நினைவுகூரப்படுகின்றனர். ஒண்டிவீரன் எதிரி முகாமுக்குள் மறைந்து நுழைந்து, பீரங்கிகளை அம்முகாமை நோக்கியே திருப்பி வைத்தார் என்பது வாய்மொழிக் கதையாகும். ஒண்டிவீரனுக்கு 2022 ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல்துறை அஞ்சல்தலை வெளியிட்டது.

மறைவும் நினைவும்

பூலித்தேவரின் மறைவு குறித்து ஒருமித்த கருத்து இல்லை. தலைமறைவு வாழ்விலேயே இறந்தார் என்பது ஒரு கருத்து. சிறைபிடிக்கப்பட்டுச் செல்கையில் சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலில் வழிபட அனுமதி பெற்றார் என்றும், அங்கே விலங்குகள் தெறிக்க மறைந்து போனார் என்றும் மக்கள் நம்புகின்றனர். அக்கோயிலில் அவர் மறைந்ததாகக் கருதப்படும் இடம் போற்றப்படுகிறது. நெற்கட்டும்செவலில் தமிழ்நாடு அரசின் நினைவு மாளிகை உள்ளது. செப்டம்பர் 1 அன்று அங்கு பிறந்தநாள் விழா நடைபெறுகிறது.

வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 இல் தூக்கிலிடப்படுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் முன்னரே, 1755 இல், இவரது எதிர்ப்புத் தொடங்கிவிட்டது. எனவே தென்னிந்திய விடுதலைப் போராட்ட வரலாற்றில் இவர் முன்னோடிகளுள் ஒருவராக மதிக்கப்படுகிறார்.