தமிழில் வேதியியல் தந்த டாக்டர் கிறீன்

பிறந்த நாட்டிற்கு உழைத்துப் புகழ்பெற்ற பெரியோர் பலர். பிற நாட்டில் பிறந்தும் நம் தமிழைத் தம்முடையதாகக் கொண்டு, அதற்கு அறிவியற் செல்வத்தை வழங்கியோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அன்னாரின் வாழ்வினை மாணவச் செல்வங்களும் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம்.

கிறீன் 1822-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர் நகரில் பிறந்தார். மருத்துவம் பயின்ற அவர், அமெரிக்க மிஷன் மருத்துவராக 1847-இல் இலங்கையின் யாழ்ப்பாணம் வந்தடைந்தார். மறு ஆண்டே மானிப்பாயில் நோயாளரைக் கவனித்ததோடு, இளைஞர்களுக்கு மருத்துவமும் கற்பிக்கத் தொடங்கினார்.

முதலில் பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடைபெற்றன. ஆங்கிலத்தில் கற்றுத் தேறியவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் செல்வதைக் கிறீன் கண்டார். கிராமத்து ஏழைக்கு மருத்துவர் வேண்டுமெனில், மருத்துவம் அவ்வேழையின் மொழியிலேயே கற்பிக்கப்படுதல் வேண்டும் எனத் துணிந்தார். 1864-இல் தமிழ்வழி மருத்துவக் கல்வி தொடங்கிற்று. அவரிடம் பயின்ற மருத்துவர் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவருள் 33 பேர் தமிழிலேயே கற்றவர்.

கற்பிக்க நூல் வேண்டுமே! கிறீன் தமிழை நன்கு கற்றார். மாணவர் துணையுடன் நூல்களைப் பெயர்த்தார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் முதலிய நூல்கள் வெளிவந்தன. புதிய கருத்துக்குச் சொல் தேடுகையில், தமிழில் வழங்கும் சொல்லை முதலில் நாடினார். கிடைக்காதபோது வடமொழியை நாடினார். அதுவும் உதவாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுதினார். அவ்வாறு பெயர் பெற்றதே 1875-இல் வெளிவந்த 'கெமிஸ்தம்' என்னும் வேதியியல் நூல்.

வேதியியலின் முதற்பாடம் பொருள்களைப் பிரித்தறிதல். இன்று நாம் வழங்கும் சொற்களே அப்பாடத்தைப் பாதி சொல்லிவிடுகின்றன. தனித்து நிற்பது தனிமம். தனிமங்கள் குறிப்பிட்ட அளவில் இணைந்து புதுப்பொருளாவது சேர்மம். இணையாது கலந்து மட்டும் இருப்பது கலவை. காஜாங் வட்டாரத்தார் நன்கறிந்த ரப்பர்ப் பாலையே எடுத்துக்கொள்வோம். பால் வாளியில் இருப்பது கலவை. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ரப்பர், எஞ்சியதில் பெரும்பகுதி நீர். ஃபார்மிக் அமிலம் சேர்த்தவுடன் நுண்ணிய ரப்பர்த் துகள்கள் ஒன்றுதிரண்டு கட்டியாகின்றன. ரப்பர் அங்கே புதிதாய்ப் பிறக்கவில்லை. முன்பே இருந்தது பிரிந்து வந்தது. அந்த ரப்பரோ, கார்பனும் ஹைட்ரஜனும் இணைந்த சேர்மம். எத்துணைக் கடைந்தாலும் அவ்விரண்டும் பிரியா. தீயிலிட்டால் எழும் கரும்புகையின் கரியே கார்பன் என்னும் தனிமம். காலமெல்லாம் பால் சுமந்த நம் பெற்றோர், மூன்று பாடங்களையும் ஒரே வாளியில் சுமந்தனர் அன்றோ!

கிறீன் 1873-இல் தாயகம் திரும்பினார். எனினும் பணி நிற்கவில்லை. கடல் கடந்தும் தமிழ் நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தார். 1884-இல் வூஸ்டரிலேயே மறைந்தார். தமிழர்க்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்பதையே அவரது கல்லறை கூறுகின்றது. மானிப்பாய் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

யாழ்ப்பாணத்திலிருந்து நம் நாட்டிற்கு வந்து எழுத்தராகவும் ரயில்வே ஊழியராகவும் பணியாற்றியோர் பலர். அவர்தம் ஊரில் நிகழ்ந்த இவ்வரலாறு நமக்கும் உரியதே. 2003-ஆம் ஆண்டு நம் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாறின. அக்கொள்கையைக் கைவிட 2009-இல் அரசாங்கம் முடிவு செய்தது. எனினும், தமிழில் அறிவியல் கற்றால் பிள்ளை பின்தங்குமோ என்னும் ஐயம் பெற்றோர் உள்ளத்தில் இன்றும் எழுகின்றது. அவ்வையம் பிள்ளைமீது கொண்ட அன்பினால் எழுவது. அதனை நாம் குறை கூறோம். ஆங்கிலமும் மலாயும் பிள்ளைக்குத் தேவையே. ஆயினும், பொருள் விளங்கிக் கற்ற அறிவே பிற மொழிக்கும் உடன்வரும். விளங்காது மனனம் செய்தது தேர்வோடு நீங்கும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட கிறீனே தமிழில் வேதியியல் இயலும் எனக் காட்டினார்.

மாணவச் செல்வங்களே! இன்று இல்லம் சென்றதும் தனிமம், சேர்மம், கலவை மூன்றையும் பெற்றோருக்கு எடுத்துரையுங்கள். அவர்கள் புரிந்துகொண்டு தலையசைப்பின், கிறீனின் உழைப்பு பயன்பெற்றதாகும்.