கிஸ்ராவின் வளைவும் ஸல்மான் (ரலி) அவர்களின் ஓலைக்கூடையும்

சாத்தாங்காடு இரும்புச் சந்தைப் பக்கம் வாழும் நமக்கு, கம்பி இல்லாத கூரையை நினைத்துப் பார்ப்பதே கடினம். ஆனால் பாக்தாதுக்குத் தெற்கே மதாயினில், பாரசீகப் பேரரசர்கள் வெறும் செங்கல்லால் எழுப்பிய அரண்மனை வளைவு இன்றும் நிற்கிறது. உயரம் சுமார் 37 மீட்டர்.

அந்த நகரை ஆண்டவர்கள்தான் ஹஜ்ரத் ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள்.

இஸ்பஹான் அருகே ஜய் என்ற ஊரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார்கள். ராயபுரத்தில் 1910-இல் கட்டப்பட்ட பார்சிக் கோயிலில் காக்கப்படுவது போன்ற புனித நெருப்பை அணையாமல் காப்பதுதான் இளமையில் அவர்களின் வேலை. சத்தியத்தைத் தேடி வீட்டைத் துறந்தார்கள். வழியில் அடிமையாக விற்கப்பட்டு மதீனா வந்து, நபி (ஸல்) அவர்களிடம் இஸ்லாத்தை ஏற்றார்கள். 627-இல் மதீனாவைக் காக்க அகழ் தோண்டும் யோசனை அவர்களுடையதே.

637-இல் மதாயின் முஸ்லிம்கள் வசமானது. தளபதி ஸஅது (ரலி) அவர்கள் கிஸ்ராவின் மண்டபத்திலேயே தொழுதார்கள். அங்கிருந்த சுதை உருவங்களை அகற்றவில்லை என்று தபரீ எழுதுகிறார். பின்னர் ஆளுநரான ஸல்மான் (ரலி) அவர்கள் அரண்மனையில் குடியேறவில்லை. மானியத்தைத் தர்மம் செய்துவிட்டு, பேரீச்ச ஓலையில் கூடை முடைந்து விற்றார்கள். வரவு மூன்று திர்ஹம்: ஒன்று முதலுக்கு, ஒன்று குடும்பத்துக்கு, ஒன்று தர்மத்துக்கு.

மதாயினிலேயே வஃபாத்தானார்கள். ஸல்மான் பாக் என்றே இன்று அழைக்கப்படும் அவ்வூரில், வளைவுக்கு அருகில் அவர்களின் கப்ரு இருக்கிறது.

அவர்கள் அந்தக் கலையை அழிக்கவில்லை. அதன் பகட்டுக்கு அடிமையாகவும் இல்லை. கடன் வாங்கி மாடிமேல் மாடி எழுப்பும் நாம், அந்த மூன்றாவது திர்ஹமை மறவாதிருப்போமாக!