சீகன்பால்கு ஐயர் எடுத்த ஆலயம்

ஓரூரிற் குடிபுக எண்ணுவோர் ஆங்குக் கோயில் உண்டோ என்று முதற்கண் பார்த்தல் தமிழ்மக்களின் தொன்றுதொட்ட வழக்கமாகும். ஔவையாரின் கொன்றைவேந்தனும் ஆலயம் தொழுதலை வற்புறுத்துகின்றது. கூடி வழிபடுதற்கு ஓரிடம் இல்லாத மக்களின் பத்தி நிலைகொள்ளாது அலையும் என்பது முன்னோர் கருத்துப் போலும். எனினும், இடம் மட்டுமே பத்தியாகிவிடாது. சுவர் எழும்பிய பின்னரும் உள்ளம் எழும்பாதிருத்தல் கூடும். நிலையான வீட்டையும் ஆழ்ந்த விசுவாசத்தையும் ஒருங்கே தேடிய ஓர் இளஞ்சபையின் வரலாறு, தரங்கம்பாடிச் சீகன்பால்கு ஐயரின் வாழ்க்கையோடு பின்னிக் கிடக்கின்றது. மூலக்குளம், வில்லியனூர், பாகூர் முதலிய புதுவைச் சிற்றூர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் எம்போன்றோர்க்கு இது தொலைநாட்டுக் கதையன்று. அச்சபையின் கிளையொன்று பாகூருக்குத் தெற்கே அணித்தாயுள்ள கடலூரில் வேரூன்றியதனை இக்கட்டுரையின் பிற்பகுதியிற் காண்போம்.

பிறப்பும் அழைப்பும்

பர்த்தலோமேயு சீகன்பால்கு 1682-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஜெர்மனி தேசத்துச் சாக்சனிப் பகுதியைச் சேர்ந்த புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளமையிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். உடல்நலமும் அவருக்கு வாய்க்கவில்லை. வயிற்றுநோயால் அடிக்கடி வருந்தியமையின் அவரது கல்வி இடையிடையே தடைப்பட்டது. ஹாலே நகரில் ஏழைச் சிறுவர்க்கு இல்லமும் பள்ளிகளும் அமைத்துப் புகழ்பெற்றிருந்த பிராங்கே என்னும் பெரியாரின் தொடர்பு அவர் உள்ளத்தை உருவாக்கிற்று. சமயம் நூலிற் கிடக்கும் கொள்கையன்று, வாழ்விற் காணப்படவேண்டிய மாறுதல் என்னும் உணர்ச்சியை ஆண்டே அவர் பெற்றார்.

டென்மார்க்கு நாட்டினர் 1620-ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்க மன்னரோடு உடன்படிக்கை செய்து, தரங்கம்பாடியில் வாணிகத் துறை அமைத்தனர். தம் நாட்டவர் பொருட்டுக் குருமாரை வைத்துக்கொண்டனரேயன்றி, ஊர்மக்களைப்பற்றி அவர்கள் எண்பது ஆண்டுகளுக்கு மேல் எண்ணிலர். நான்காம் பிரடெரிக் மன்னரே அக்குறையை நீக்க முற்பட்டார். அவர் விருப்பப்படி சீகன்பால்கு ஐயரும் அவர்தம் நண்பர் புளூட்சோ ஐயரும் கோபன்ஹேகன் நகரிற் குருப்பட்டம் பெற்று, 1705-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிற் கப்பலேறினர். 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தபொழுது சீகன்பால்கு ஐயருக்கு வயது இருபத்து மூன்றே.

தெருவில் நின்ற குருமார்

மன்னர் அனுப்பிய குருமாருக்குக் கோட்டையில் நல்வரவு கிடைத்திருக்கும் என்று நாம் எண்ணுதல் கூடும். நிகழ்ந்ததோ வேறு. வாணிகக் கம்பெனியாருக்கு இவ்வூழியத்தில் விருப்பமில்லை. கோட்டைத் தலைவராகிய ஹாசியுஸ் அவர்களைப் பகல் முழுதும் காக்கவைத்தார். மாலையிற் கண்டபொழுதும் முகங்கொடுத்துப் பேசாது கைவிட்டார். அறியாத ஊரில், மொழி தெரியாது, தங்குமிடமின்றி இருவரும் தெருவில் நின்றனர். பிற்காலத்தில் ஒரு சபைக்கு வீடு தேடிக் கொடுத்தவர் தமக்கே வீடின்றி இந்நாட்டில் அடிவைத்தார் என்பது நினைக்கத்தக்கது.

ஐயர் முதலில் தேடியது வீட்டையன்று, மொழியை. முதியவரான ஆசிரியர் ஒருவரைத் தம் இருப்பிடத்திலேயே திண்ணைப் பள்ளி நடத்தும்படி வேண்டினார். சிறுவரோடு சிறுவராய்த் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துக்களை எழுதிப் பழகினார். அழகப்பன் என்னும் மொழிபெயர்ப்பாளர் அவருக்குப் பேச்சுத் தமிழையும் நாட்டு வழக்கங்களையும் கற்பித்தார். ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தொகுத்து, அவற்றின் பட்டியலொன்றை 1708-ஆம் ஆண்டிற்குள் எழுதி முடித்தார். அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியிற் பெயர்த்தார். திருத்த வந்த நாட்டின் அறநூல்களைக் கற்றுப் போற்றிய அவர் பெருந்தன்மை தமிழ் பயிலும் மாணவர் மறத்தற்குரியதன்று.

முதல் ஆலயம்

1707-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள், ஐரோப்பியர் இல்லங்களில் அடிமைகளாய் ஊழியஞ்செய்த ஐவர் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்றனர். அச்சடங்கு டேனியருக்குரிய சீயோன் ஆலயத்தில் நிகழ்ந்தது. அடிமைகளும் ஏழைகளும் அடங்கிய இச்சிறு கூட்டம் என்றும் பிறர் ஆலயத்தில் விருந்தினராய் ஒதுங்கி நிற்றல் தகாது என்று ஐயர் உணர்ந்தார். கையிற் பொருளில்லை, கோட்டையாரின் ஆதரவுமில்லை. தமக்கும் நண்பருக்கும் கிடைத்த சம்பளத்தைக் கொண்டே வேலையைத் தொடங்கத் துணிந்தார். ஜூன் 14-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பெற்றது. நகைத்தோர் பலர், இரங்கிச் சிலர் உதவினர். இரண்டே திங்களில், ஆகஸ்ட் 14-ஆம் நாள், எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பெற்றது. தமிழிலும் போர்த்துக்கேய மொழியிலும் ஆங்குப் பிரசங்கங்கள் நிகழ்ந்தன. செப்டம்பர் 5-ஆம் நாள் தமிழர் ஒன்பதின்மர் அவ்வாலயத்திலேயே ஞானஸ்நானம் பெற்றனர்.

ஆலயம் கிடைத்தது, துன்பம் ஒழியவில்லை. சபையிற் சேர்ந்தோர் பலர் உற்றாராற் கைவிடப்பட்டனர், பிழைப்பும் இழந்தனர். அழகப்பனும் பின்னர் ஊரைவிட்டு அகற்றப்பட்டார். ஏழைக் கைம்பெண் ஒருத்தியின் கடன் வழக்கில் ஐயர் அவள் பக்கம் நின்றமை தலைவரின் பகையை மூட்டிற்று. 1708-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள் அவர் சிறைப்பட்டு, நான்கு திங்கள் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தார். மேய்ப்பனை இழந்த ஆட்டுமந்தை சிதறுதல் இயல்பு. இவ்விளஞ்சபையோ முற்றும் அழிந்துபோகவில்லை. சுவரையும் குருவையும் மட்டும் சார்ந்து நில்லாத ஏதோ ஒன்று அவர்களிடத்தே வேர்கொள்ளத் தொடங்கியிருந்தது.

அச்சேறிய வேதம்

அவ்வேரை ஆழப்படுத்துதற்கு ஐயர் கண்ட வழி, வேதத்தை மக்கள் தம் தாய்மொழியிலேயே படிக்கச் செய்தல். சிறைப்படுதற்குச் சில வாரங்களுக்கு முன் தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை 1711-ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் முடித்தார். ஓலையில் எழுதிப் பரப்புதல் காலமும் பொருளும் வேண்டுவது. ஆகவே அச்சுக்கூடம் ஒன்றை வேண்டினார். இலண்டனிலுள்ள கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கத்தார் அச்சுப்பொறி ஒன்றை அனுப்பினர். ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துக்களும் 1713-ஆம் ஆண்டில் வந்தன. அவை பெரியனவாயிருந்தமையால் தாள் மிகுதியாய்ச் செலவாயிற்று. ஆகவே சிறிய எழுத்துக்களைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தனர். பொறையாற்றருகே கடுதாசிப் பட்டறையும் தோன்றிற்று. நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714-ஆம் ஆண்டிலும், புதிய ஏற்பாடு முழுமையும் 1715-ஆம் ஆண்டிலும் அச்சாயின.

படிக்கத் தெரியாதார்க்கு நூலால் யாது பயன்? ஆதலின் பள்ளிகளும் உடன் வளர்ந்தன. பெண்குழந்தைகளுக்கும் அவர் பள்ளி வைத்தார். 1714-ஆம் ஆண்டில் ஐரோப்பா சென்று, மரியா டோரத்தேயா அம்மையாரை மணந்து, இலத்தீன் மொழியில் எழுதிய தமிழிலக்கணத்தை ஹாலேயில் அச்சிட்டு, 1716-ஆம் ஆண்டில் மீண்டார். மீண்ட ஆண்டிலேயே உபதேசிமாரைப் பயிற்றும் பள்ளியொன்றையும் தொடங்கினார். சபையை நடத்துவோர் இந்நாட்டினராகவே இருத்தல் வேண்டும் என்பது அவர் நோக்கம்.

புதிய ஆலயமும் இறுதித் துயரமும்

வளர்ந்த சபைக்கு முதல் ஆலயம் இடம்போதாதாயிற்று. 1717-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் புதிய எருசலேம் ஆலயத்துக்கு அடிக்கல் இடப்பட்டது. இருபது திங்களில், 1718-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள், அது பிரதிஷ்டையாயிற்று. சிலுவை வடிவில் அமைந்த அவ்வாலயத்தின் முகப்பில் பிரடெரிக் மன்னரின் முத்திரையை இன்றும் காணலாம்.

மகிழ்ச்சிக்குரிய அவ்வமயத்தில் ஐயர் உள்ளம் புண்பட்டது. கோபன்ஹேகனில் இருந்த மிஷன் சங்கத்தின் செயலாளர் வெண்ட் என்பவர் கடுமையான குற்றச்சாட்டுக்களை எழுதி அனுப்பினார். அப்போஸ்தலரைப்போல் ஏதுமின்றிச் சுற்றித் திரிந்து பிரசங்கிக்க வேண்டியவர்கள், கட்டடங்களிலும் பள்ளிகளிலும் பொருளைச் செலவிடுதல் முறையோ என்பது அவர் வாதம். இவ்வாதத்தை முற்றும் பொருளற்றதென்று தள்ளுதற்கில்லை. கட்டடத்தை நேசிக்கும் சபை கடவுளை மறத்தல் உலகிற் காணப்படுவதே. ஆயினும் சீகன்பால்கு ஐயரும் அவர் துணைவர் குருண்ட்லர் ஐயரும் மனிதனின் ஆன்மாவையும் உடலையும் பிரித்துப் பார்த்திலர். ஆன்மாவுக்குச் செய்யும் ஊழியம் உடலுக்குச் செய்யும் ஊழியத்தோடு கூடியே நடைபெறவேண்டும் என்று கொண்டனர். உற்றாராலும் ஊராராலும் தள்ளப்பட்ட ஏழைக்குக் கூடுமிடமும் கல்வியும் தருதலும் சுவிசேஷத்தின் பகுதியே என்பது அவர்கள் துணிபு.

நெடுநாள் நோயால் நலிந்திருந்த ஐயரை இத்துயரமும் வாட்டிற்று. 1719-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள், முப்பத்தாறாம் வயதில் அவர் உயிர்நீத்தார். தாம் எடுத்த ஆலயத்துள்ளேயே அடக்கம் செய்யப்பெற்றார். பிரதிஷ்டை நிகழ்ந்து ஐந்து திங்களும் நிரம்பவில்லை.

கடலூர்க் கிளை

1717-ஆம் ஆண்டில் கடலூரில் ஒரு தருமப்பள்ளி நிறுவப்பட்டது. ஆங்குப் பயின்ற ஆறுமுகம் என்னும் இளைஞர் 1718-ஆம் ஆண்டில் ஐயரிடமே ஞானஸ்நானம் பெற்று ஆரோன் என்னும் பெயர் பூண்டார். ஆசிரியராகவும் உபதேசியாராகவும் உழைத்த அவர், 1733-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்தச் சபையார்க்குள் இந்தியாவில் முதற் குருவாய் அமர்ந்தவர் இத்தமிழரே. ஐயர் ரூத்தாகமம் வரை பெயர்த்து நிறுத்திய பழைய ஏற்பாட்டையும் பின்வந்த சூல்சே ஐயர் முடித்துவைத்தார்.

ஆனால் எல்லாம் நிறைவுற்றது என்று எழுதுதல் உண்மையாகாது. கடவுள் முன் யாவரும் ஒன்றென்று கற்ற சபையிலும் சாதி வேறுபாடு இருக்கைகளின் வழியே புகுந்தது. தாழ்த்தப்பட்ட குலத்திற் பிறந்த இராஜநாயக்கன் என்னும் சிறந்த உபதேசியாருக்குக் குருப்பட்டம் அளிக்கக் கருதிய காலத்தில், அவர் கையால் நற்கருணை பெற உயர்குலத்தார் உடன்பட்டிலர். 1741-ஆம் ஆண்டில் அப்பட்டம் தியோகு என்பவருக்குச் சென்றது. கல்லாலாகிய ஆலயம் இருபது திங்களில் முடிந்தது. உள்ளத்தாலாகிய ஆலயமோ ஒரு தலைமுறை கழிந்தும் முடியவில்லை.

இன்று முதல் ஆலயம் இல்லை. புதிய ஆலயம் 2004-ஆம் ஆண்டின் கடற்கோளுக்குப் பின்னும் தரங்கம்பாடியில் நிற்கின்றது. ஆண்டுச் செல்லும் மாணவர் ஐயர் கல்லறையைக் கண்டு வணங்கி மீள்கின்றனர். நம் சிற்றூர்களிற் கூரையின் கீழும் திண்ணையிலும் கூடும் இளஞ்சபைகள் நிலையான ஆலயத்தை விரும்புதல் முறையே. அவ்விருப்பம் நிறைவேறுக. அதனோடு, எவரையும் பின்வரிசைக்குத் தள்ளாத ஆலயம் ஒன்று நம் உள்ளத்தும் எழுதல் வேண்டும். சீகன்பால்கு ஐயர் தொடங்கிவைத்த வேலையில் நமக்கென எஞ்சியிருக்கும் பங்கு அதுவே.