இந்திர லால் ராய்: இருபதைத் தொடாத விமானி

அன்புவழிபுரத்தில் இருப்பவர்களுக்கு விமானச் சத்தம் என்றால் சீனக்குடாதான். எங்கள் வயதுக்காரர் பலர் இன்றைக்கும் அந்தச் சத்தம் கேட்டால் முதலில் வானத்தைப் பார்ப்பதில்லை. பதுங்க எங்கே இடம் என்றுதான் பார்ப்பார்கள். பொம்மர் என்ற சொல்லுக்கே நெஞ்சு இடிக்கிற ஊரில் இருந்துகொண்டு, நூறு வருடத்துக்கு முந்திய போர் விமானம் ஒன்றைப் பற்றி நான் தேடி வாசிப்பதை வீட்டில் வினோதமாகத்தான் பார்க்கிறார்கள். விமானத்தில் தொடங்கிய தேடல், அந்த ரகத்தை ஓட்டிய ஒரு வங்காளப் பெடியனில் வந்து நின்றுவிட்டது.

முதலில் விமானம். இங்கிலாந்தின் ஓல்ட் வார்டன் என்ற கிராமத்தில் ஷட்டில்வேர்த் சேகரிப்பு இருக்கிறது. அங்குள்ள எஸ்.ஈ.5ஏ, இலக்கம் எஃப் 904, போருக்குப் போய்வந்து இன்றும் பறக்கக்கூடிய மிகப் பழைய இராணுவ விமானங்களில் ஒன்று. 1918 இல் கட்டப்பட்டது. மரச்சட்டம், அதன்மேல் துணி, ஓர் இயந்திரம், இரண்டு துப்பாக்கி, அவ்வளவுதான். முதல் உலகப் போர் முடிவதற்கு முதல் நாள், 1918 நவம்பர் 10 இல், அது ஜேர்மன் விமானம் ஒன்றை வீழ்த்தியது. பிறகு வானத்தில் புகையால் விளம்பரம் எழுதும் வேலைக்குப் போனது. பின்னர் ஒரு கொட்டகையில் தொங்கிக் கிடந்தது. திருத்தி எடுத்து 1959 இல் மறுபடி பறக்கவிட்டார்கள்.

இதே ரக விமானத்தில்தான் இந்திர லால் ராய் பறந்தார்.

1898 டிசம்பர் 2 இல் கல்கத்தாவில் பிறந்தவர். தகப்பன் பியாரே லால் ராய் பாரிஸ்டர். தாய் லொலிதா ராய் பிள்ளைகளின் படிப்புக்காக லண்டனில் குடியேறியவர். 1911 இல் அங்கு வாக்குரிமை கேட்டு நடந்த பெண்களின் பெரிய ஊர்வலத்தில் இந்தியப் பெண்களோடு நடந்தவர். மூத்த மகன் பரேஷ் லால் தரைப்படையில் சேர்ந்தார். பின்னாளில் இந்தியக் குத்துச்சண்டையின் தந்தை என்று பெயரெடுத்தவர் அவர்தான். வீட்டில் லாடி என்று செல்லமாக அழைக்கப்பட்ட இளையவர் சென். போல்ஸ் பாடசாலையில் படித்தார். படிப்பு முடிந்ததும் விமானப் படைக்கு விண்ணப்பித்தார். கண்பார்வை போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பதினெட்டு வயதுக்காரர் இதற்குச் செய்த காரியம்தான் எனக்கு மறக்கவில்லை. தன் மோட்டார் சைக்கிளை விற்று, அந்தக் காசில் பேர்போன கண் வைத்தியரிடம் போய்க் காட்டினார். வைத்தியர் பார்வை சரி என்றார். 1917 யூலையில் படையில் அதிகாரியானார். அந்த மோட்டார் சைக்கிளை அவர் விற்காமல் விட்டிருந்தால் என்று நினைக்காமல் இந்த இடத்தைத் தாண்ட என்னால் முடியவில்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் சொல்லிச் சொல்லி மாய்வதும் இப்படியொரு சின்னக் காரியத்தைத்தான்.

1917 ஒக்டோபரில் பிரான்சில் 56 ஆவது அணியில் சேர்ந்தார். சில வாரங்களில் விமானம் மோதிக் காயமடைந்தார். பறக்கத் தகுதியில்லை என்று இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அந்த ஓய்வு நாட்களில் விமானங்களைப் படமாக வரைந்தபடி இருந்தார். விடாமல் கேட்டுக் கேட்டு மறுபடி தகுதி பெற்று, 1918 யூனில் 40 ஆவது அணிக்கு வந்தார். அங்கே அவரது குழுத் தலைவர் அயர்லாந்துக்காரரான ஜோர்ஜ் மக்எல்ரோய்.

அதன்பின் நடந்தது எல்லாம் ஒரு மாதத்துக்குள். யூலை 6 முதல் 19 வரையான இரண்டு வாரத்தில் பத்து எதிரி விமானங்கள் அவர் கணக்கில் சேர்ந்தன. ஐந்து வீழ்த்தினாலே பெருவீரர் வரிசையில் வைத்த காலம் அது. அந்தப் பத்து விமானங்களிலும் ஆட்கள் இருந்தார்கள் என்பதைக் குண்டுவீச்சுக்குக் கீழே வாழ்ந்த எங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. சாகசக் கதையாக மட்டும் இதை வாசிக்க எனக்கு வரவில்லை.

யூலை 22 இல் கார்வின் நகருக்கு மேலே ஜேர்மன் ஃபொக்கர் விமானங்களோடு நடந்த சண்டையில் அவரது விமானம் தீப்பற்றி விழுந்தது. பிரித்தானியப் போர் விமானிகளுக்கு அன்று பரசூட் கொடுக்கப்படவில்லை. ஜேர்மனியர் அந்த வருடம் பாவிக்கத் தொடங்கியிருந்தார்கள். மரமும் துணியும் பெற்றோலும் சேர்ந்த ஒன்று வானத்தில் எரிந்தால் உள்ளே இருப்பவருக்கு என்ன வழி? வயது பத்தொன்பது. மக்எல்ரோயும் அந்த மாதம் முடிவதற்குள் கொல்லப்பட்டார்.

செப்டெம்பரில் அவருக்கு டி.எஃப்.சி. விருது அறிவிக்கப்பட்டது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். இந்தியாவை ஆண்டவர்களின் போரில், இந்தியாவிலிருந்து எத்தனையோ ஆயிரம் மைல் தள்ளி வாங்கிய பெருமை. அந்தப் போரில் பிரித்தானியருக்காகப் பறந்த இந்தியர் நால்வர். ராயும் வெலிங்கரும் இறந்தார்கள், சென் சிறைப்பட்டார், ஹர்தித் சிங் மாலிக் உயிரோடு திரும்பி, பின்னர் சுதந்திர இந்தியாவின் தூதுவராக இருந்தார். ராயின் உறவினரான சுப்ரதோ முகர்ஜி 1954 இல் இந்திய விமானப்படையின் முதல் இந்தியத் தளபதியானார்.

கல்கத்தாவில் பவானிபூர் பக்கம் ஒரு வீதிக்கு இந்திரா ராய் வீதி என்று பெயர். 1998 இல், பிறந்து நூறு வருடமானபோது, இந்தியா முத்திரை வெளியிட்டது. உடல் கிடப்பது பிரான்சின் எஸ்தெவெல் என்ற சிறு கிராமத்து மயானத்தில். கல்லில் அவருடைய பெயர் இருக்கிறது. பிரெஞ்சு எழுத்துக்களோடு, அவர் தாய் பேசிய வங்காளமும் பொறிக்கப்பட்டிருக்கிறது.