குளவிகளுக்குப் பெயர் சூட்டிய லீலண்ட் ஹோவர்ட்

இலையுதிர் காலத்தில் நம் நியூ ஜெர்சிப் பூங்காக்களிலுள்ள ஓக் மரங்களின் அடிப்பகுதியை நம் மாணவச் செல்வங்கள் உற்று நோக்கினால், கம்பளித் துணியை ஒட்டவைத்தாற்போன்ற பழுப்புத் திட்டுகளைக் காணலாம். முன்பு ஜிப்சி என்றும், 2022 முதல் ஸ்பாஞ்சி என்றும் வழங்கும் அந்துப்பூச்சியின் முட்டைக் குவியல்கள் அவை. சிலவற்றில் ஊசியால் குத்தியது போன்ற துளைகளும் தென்படும். அத்துளைகளை இடும் குளவிக்கு அறிவியற்பெயர் சூட்டிய பெரியாரின் வரலாற்றையே இங்குக் கூற விழைகிறோம்.

குளவி கொட்டிக் கொட்டிப் புழுவும் குளவியாகும் என்று நம் முன்னோர் நம்பினர். உண்மையில் நிகழ்வது வேறு. தாய்க்குளவி பிற பூச்சியின் முட்டையிலோ புழுவின் உடலிலோ தன் முட்டையை வைக்கும்; அதிலிருந்து வரும் புழு அப்பூச்சியையே உண்டு வளர்ந்து குளவியாக வெளிவரும். இவ்வகை ஒட்டுண்ணிக் குளவிகளுள் பல, எள்ளினும் சிறியவை.

1857இல் இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டில் பிறந்த லீலண்ட் ஆசியன் ஹோவர்ட், நியூயார்க் மாநிலத்து இத்தாக்காவில் வளர்ந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் காம்ஸ்டாக் என்னும் பேராசிரியரிடம் பூச்சியியல் பயின்று, 1878இல் அமெரிக்க வேளாண்மைத் துறையில் உதவியாளராகச் சேர்ந்தார். 1894 முதல் 1927 வரை அதன் பூச்சியியல் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். கொசு ஒழிப்பிலும் அவர் பெயர் பெற்றவர். எனினும் நுண்குளவிகளே அவருடைய தனித்துறை. பூண்டுலோயாவில் தேயிலை பயிரிட்ட கிரீன் என்பவர் இலங்கையில் திரட்டிய குளவிகளையும் ஆராய்ந்து, ஆஷ்மீட் என்னும் அறிஞருடன் 1896இல் கட்டுரை வெளியிட்டார் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

பெயர் சூட்டுவது வெறும் பொழுதுபோக்கன்று. 1895இல் வாஷிங்டன் நகரத்து நிழல்தரு மரங்களைக் கம்பளிப்புழுக்கள் மொட்டையடித்தன. அவற்றிலிருந்து வெளிவந்த குளவிகளை ஹோவர்ட் ஆராய்ந்தபோது, புழுவை அழிப்பவற்றோடு, அவ்வாறு அழிக்கும் குளவியையே அழிப்பவையும் இருக்கக் கண்டார். இரண்டும் ஒரே கூட்டிலிருந்து வரக்கூடும், பார்வைக்கும் நெருங்கியவை. நண்பனைப் பகைவனிடமிருந்து பிரித்தறியாமல் பறக்கவிட்டால், உழவனுக்குக் கேடே விளையும்.

இந்நுட்பம் விரைவிலேயே தேவைப்பட்டது. பட்டு உற்பத்தி செய்யும் எண்ணத்துடன் ட்ரூவெலோ என்பவர் 1860களின் இறுதியில் மாசசூசெட்ஸ் மாநிலத்து மெட்ஃபோர்டுக்குக் கொணர்ந்த அந்துப்பூச்சிகள் தப்பிச் சென்று பெருகின. அவற்றின் இயற்கைப் பகைவர்களைத் தேடி 1905இல் ஹோவர்ட் ஐரோப்பா சென்றார். அயல்நாடுகளிலிருந்து வந்த பெட்டிகள் மூடிய கூடங்களில் திறக்கப்பட்டன. தீய குளவிகள் வெளியேறாதவாறு பிரித்தெடுக்கப்பட்டன. ஜப்பானிலிருந்து வந்த ஒரு முட்டைக்குளவிக்கு அந்நாட்டு அறிஞர் குவானாவின் பெயரை ஹோவர்ட் 1910இல் சூட்டினார். அது குவியலின் மேற்புறத்து முட்டைகளையே எட்டும்; ஆகவே பூச்சி முற்றிலும் ஒழியவில்லை. 1920இல் நம் மாநிலத்துச் சாமர்வில் பகுதியிலும், ஹாலந்து மரக்கன்றுகளுடன் வந்த அதே பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது.

ஒரு குறையையும் மறைத்தல் கூடாது. 1906 முதல் விடப்பட்ட ஐரோப்பிய ஈ ஒன்று, அந்துப்பூச்சியோடு நில்லாமல் இந்நாட்டின் அழகிய பெரும்பட்டுப்பூச்சிகளையும் தாக்கிக் குறைத்துவிட்டதாகப் பிற்கால ஆய்வாளர் கண்டனர். பல இரைகளை உண்ணும் உயிரினத்தின் ஆபத்தை அக்காலத்தார் உணரவில்லை. இன்று ஓர் உயிரினத்தைப் புதிதாக விடுமுன் நெடுஞ்சோதனைகள் நடைபெறுகின்றன.

நற்பயனுக்கும் சான்று உண்டு. ஹோவர்ட் அனுப்பிய குச்சிகளிலிருந்து வந்த குளவி இத்தாலியின் முசுக்கட்டைச் செடிகளைச் செதில் பூச்சியிலிருந்து காத்தது. 2008இல் கோவையில் தோன்றிய பப்பாளி மாவுப்பூச்சி நம் உழவர்களை வாட்டியபோது, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அமெரிக்க வேளாண்மைத் துறையின் வாயிலாகக் குளவிகள் இந்தியா சென்றன. அவற்றைப் பெற்றுத் தமிழகத் தோட்டங்களில் விட்டபின் மாவுப்பூச்சி பெரிதும் அடங்கிற்று.

ஹோவர்ட் 1950ஆம் ஆண்டு மே மாதம், தம் 92ஆம் வயதில், நியூயார்க் நகரை அடுத்த பிராங்க்ஸ்வில்லில் காலமானார்.