ஜேம்ஸ் ஜேமர்சன்

ஜேம்ஸ் லீ ஜேமர்சன் (ஜனவரி 29, 1936 – ஆகஸ்ட் 2, 1983) அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த பேஸ் கிதார் இசைக்கலைஞர் ஆவார். டெட்ராயிட் நகரின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனம் 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் வெளியிட்ட வெற்றிப் பாடல்களில் மிகப் பலவற்றுக்குப் பேஸ் கிதார் வாசித்தவர் இவரே. அக்காலத்தில் பக்கவாத்தியக் கலைஞர்களின் பெயரை இசைத்தட்டு உறைகளில் அச்சிடும் வழக்கம் அந்நிறுவனத்தில் இருக்கவில்லை. எனவே இவரது வாசிப்பைக் கோடிக்கணக்கானோர் கேட்டிருந்தும், இவரது பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. இன்று மக்களிசையில் பேஸ் கிதார் வாசிப்பின் போக்கையே மாற்றியவராக இவர் மதிப்பிடப்படுகிறார்.

இளமை

ஜேமர்சன் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகருக்கு அருகிலுள்ள எடிஸ்டோ தீவில் பிறந்தார். பாட்டி பியானோ வாசிப்பவர். அத்தை தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர். 1954 ஆம் ஆண்டில் தாயாருடன் டெட்ராயிட் நகருக்குக் குடிபெயர்ந்தார். மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளில் வேலை தேடித் தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் பெருமளவில் அந்நகருக்கு வந்துகொண்டிருந்த காலம் அது.

அங்கு நார்த்வெஸ்டர்ன் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது டபுள் பேஸ் எனப்படும், ஆளுயரத்தை மிஞ்சும் நரம்பிசைக் கருவியைக் கற்கத் தொடங்கினார். விரைவிலேயே நகரின் ஜாஸ், புளூஸ் விடுதிகளில் இரவு நேரங்களில் வாசிக்கலானார். ரே பிரவுன், பால் சேம்பர்ஸ், பெர்சி ஹீத் ஆகிய ஜாஸ் கலைஞர்களின் வாசிப்பு இவருக்கு முன்மாதிரியாக அமைந்தது. பிற்காலத்தில் மின் கருவிக்கு மாறிய பின்னும் இவரது கைகள் டபுள் பேஸ் கலைஞரின் கைகளாகவே இருந்தன என்பதை நினைவில் கொண்டால்தான் இவரது இசையைச் சரியாக விளங்கிக்கொள்ள முடியும்.

மோட்டவுன் நிறுவனத்தில்

பெர்ரி கார்டி 1959 இல் தொடங்கிய நிறுவனம் மோட்டவுன். வெஸ்ட் கிராண்ட் புலவார்டு சாலையில் 2648 ஆம் எண் வீடு அதன் அலுவலகமாகவும் ஒலிப்பதிவுக்கூடமாகவும் இருந்தது. கூடத்தின் மேற்கூரையிலிருந்து தொங்கிய மின்கம்பிகளின் காரணமாக அதனைக் கலைஞர்கள் பாம்புக்குழி என அழைத்தனர். அங்கு நிலையாகப் பணியாற்றிய கலைஞர் குழு ஃபங்க் பிரதர்ஸ் என அறியப்படுகிறது. பியானோ கலைஞர்கள் ஜோ ஹண்டர், ஏர்ல் வான் டைக், டிரம்ஸ் கலைஞர் பென்னி பெஞ்சமின், கிதார் கலைஞர்கள் ராபர்ட் ஒயிட், எடி வில்லிஸ், ஜோ மெஸ்ஸினா ஆகியோர் இக்குழுவினருள் முக்கியமானவர்கள். ஜேமர்சன் 1959 முதல் இங்கு வாசித்தார்.

தொடக்கத்தில் ஒரு பாடலுக்குச் சில டாலர்களே கூலியாகக் கிடைத்தது. பகலில் ஒலிப்பதிவு, இரவில் விடுதி என்பதே இவர்களது அன்றாட வாழ்க்கை. வேறு நிறுவனங்களுக்கு வாசிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தபோதிலும் இவர்கள் அவ்வப்போது மறைவாக வெளி ஒலிப்பதிவுகளுக்கும் சென்றுவந்தனர். ஜான் லீ ஹுக்கரின் பூம் பூம் (1962), ஜாக்கி வில்சனின் ஹையர் அண்ட் ஹையர் (1967) ஆகிய பாடல்களில் ஒலிப்பது மோட்டவுன் கலைஞர்களின் வாசிப்பே. 1960களின் பிற்பகுதியில் ஜேமர்சனுக்கு வாரம் 1000 டாலர் நிலையான ஊதியம் வழங்கப்பட்டது. அக்காலத்தில் அது பெரிய தொகையாகும். ஆனால் பாடல்களின் விற்பனையில் பங்கு எதுவும் இருக்கவில்லை.

இசைக்கருவிகள்

விடுதிகளிலும் சுற்றுப்பயணங்களிலும் வாசிக்கும் கலைஞர்களுக்கு டபுள் பேஸ் பெருந்தொல்லை தரும் கருவி. அதனைக் காரில் ஏற்றுவதே கடினம். டிரம்ஸும் மின் கிதாரும் முழங்கும் மேடையில் அதன் ஒலி கேட்பதும் இல்லை. லியோ ஃபெண்டர் 1951 இல் அறிமுகப்படுத்திய பிரிசிஷன் பேஸ் இவ்விரு குறைகளையும் நீக்கியது. வீணையில் உள்ளதைப் போன்ற மெட்டுகள் இதில் பதிக்கப்பட்டிருந்ததால் சுரங்களைத் துல்லியமாகப் பிடிக்க முடிந்தது. கருவியின் பெயருக்கும் துல்லியம் என்பதே பொருள். இதன் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. டபுள் பேஸிலும் சுருதி அதுவே. எனவே ஒரு கருவியைக் கற்றவர் மற்றதற்கு மாறுவது எளிது.

ஜேமர்சன் ஜாக்கி வில்சன் குழுவின் சுற்றுப்பயணத்தில் வாசித்த 1960களின் தொடக்கத்தில் மின் பேஸுக்கு மாறினார். இவரது முதல் கருவி, சக கலைஞர் ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்த 1957 ஆம் ஆண்டு பிரிசிஷன் ஆகும். கறுப்பு வண்ணம் பூசப்பட்டிருந்ததால் பிளாக் பியூட்டி எனப் பெயர் பெற்றது. அது திருடு போனது. அதன் பின் இவர் பெற்ற 1962 ஆம் ஆண்டு பிரிசிஷனே புகழ்பெற்ற ஃபங்க் மெஷின். மோட்டவுனில் இவர் வாசித்த பெரும்பாலான பாடல்கள் இந்த ஒரே கருவியில் வாசிக்கப்பட்டவை. டபுள் பேஸை இவர் முற்றாகக் கைவிடவில்லை. மேரி வெல்ஸின் மை கை (1964) பாடலில் ஒலிப்பது அதுவே.

ஃபங்க் மெஷின் சிறப்பாகச் செய்யப்பட்ட கருவி அன்று. கடையில் எவரும் வாங்கக்கூடிய சாதாரண வகைதான். அதனை இவர் நடத்திய விதமே வேறு. லா பெல்லா நிறுவனத்தின் தடித்த தந்திகளைப் பூட்டியிருந்தார். இவை தட்டையான உலோக நாடா சுற்றப்பட்டவை, தடிமன் 0.052 முதல் 0.110 அங்குலம் வரை. தந்தி அறுந்தால் ஒழிய இவர் அதனை மாற்றியதே இல்லை. கருவியைத் துடைப்பதும் இல்லை. படிந்த அழுக்கில்தான் அதன் ஒலி இருக்கிறது என்று இவர் நம்பினார். இது வெறும் மூடநம்பிக்கை எனத் தள்ளிவிட இயலாது. வியர்வையும் அழுக்கும் ஏறிய பழைய தந்தியில் மேற்சுரங்கள் விரைவில் அடங்கிவிடுகின்றன. அடிப்படைச் சுரமே முன்னிற்கிறது. மேலும் பாலத்தை மூடும் உலோக உறைக்குள் இருந்த நுரைப்பஞ்சு தந்திகளை அழுத்தி, சுரம் நீளாமல் தடுத்தது. இவை சேர்ந்து, மத்தளத் தட்டு போல எழுந்து உடனே அடங்கும் குறுகிய, கனத்த ஒலியை அளித்தன. டபுள் பேஸின் ஒலிக்கு மிக நெருங்கியது அது.

தந்திகள் மெட்டுகளுக்கு மேல் மிக உயரமாக நின்றன. அக்கருவியை எடுத்துப் பார்த்த பிற கலைஞர்கள் தம்மால் வாசிக்க இயலவில்லை என்றே கூறினர். டபுள் பேஸில் உரமேறிய விரல்களுக்கு அது தடையாக இருக்கவில்லை. ஒலியளவு, ஒலிநயம் ஆகிய இரு திருகுகளையும் முழுமையாகத் திறந்தே வைத்திருந்தார். விடுதிகளில் ஆம்பெக் பி-15 ஒலிபெருக்கியைப் பயன்படுத்தினார். ஒலிப்பதிவுக்கூடத்தில் ஒலிபெருக்கி இன்றிக் கருவி நேரடியாகக் கலவைப் பலகையில் இணைக்கப்பட்டது. அங்கு வெற்றிடக் குழாய்கள் சற்று மிகையாக இயக்கப்பட்டதால் ஒலியில் லேசான கரகரப்பு சேர்ந்தது.

வாசிப்பு முறை

வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றினால் மட்டுமே இவர் தந்திகளை மீட்டினார். மற்ற விரல்கள் கருவியின் உலோக உறை மீது ஊன்றி நிற்கும். இதனால் அவ்விரலுக்குக் கொக்கி என்னும் பட்டப்பெயர் ஏற்பட்டது. இரு விரல்களை மாற்றி மாற்றி மீட்டுவதே பொது வழக்கம் என்பதால், இத்தனை வேகமான பகுதிகள் ஒற்றை விரலால் வாசிக்கப்பட்டவை என்பதை முதலில் நம்பக் கடினமாகவே இருக்கும்.

இவருக்கு முந்தைய மக்களிசைப் பாடல்களில் பேஸின் பணி எளியது: ஒவ்வொரு சுரக்கூட்டின் அடிச்சுரத்தையும் ஐந்தாம் சுரத்தையும் தாளத்துக்கு ஏற்ப ஒலித்தல். ஜேமர்சன் அச்சுரங்களுக்கு இடையே ஜாஸ் முறையில் இணைப்புச் சுரங்களைப் புகுத்தினார். தாளத்தின் அழுத்தத்தை எதிர்பாராத இடங்களுக்கு நகர்த்தினார். விரல் வைக்காத திறந்த தந்திகளையும் தாராளமாகப் பயன்படுத்தினார். பெரும்பாலும் இவருக்குக் கிடைத்தது சுரக்கூட்டுகளின் பெயர்கள் எழுதிய தாள் மட்டுமே. மற்றவை இவரே கூடத்தில் அமர்ந்து உருவாக்கியவை. ஆயினும் பாடல் ஆசிரியராகவோ இசையமைப்பாளராகவோ இவர் பெயர் பதிவு செய்யப்படவில்லை.

டெம்ப்டேஷன்ஸ் குழுவின் மை கேர்ள் (1964) பாடலின் தொடக்கத்தில் பேஸ் தனியே ஒலிக்கிறது. மிகச் சில சுரங்களே, ஆனால் பாடலை அடையாளம் காண அவை போதும். ஸ்டீவி வொண்டரின் ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப் (1968) இதற்கு நேர்மாறானது. அதில் பேஸ் ஓரிடத்தில் வாசித்ததை ஏறக்குறைய எங்குமே மீண்டும் வாசிப்பதில்லை. எனினும் பாடகரின் குரல் எந்த இடத்திலும் மறைக்கப்படவில்லை. ஃபோர் டாப்ஸ் குழுவின் பெர்னடெட் (1967), சுப்ரீம்ஸ் குழுவின் யூ கான்ட் ஹரி லவ் (1966) ஆகியனவும் இவரது வாசிப்புக்காகக் கேட்க வேண்டியவை.

மார்வின் கேயின் வாட்ஸ் கோயிங் ஆன் பாடல் ஒலிப்பதிவு பற்றி ஒரு செய்தி பரவலாகக் கூறப்படுகிறது. கேய் இவரைத் தேடிச் சென்று ஒரு விடுதியில் கண்டு அழைத்துவந்தார் என்றும், நிமிர்ந்து உட்கார முடியாத அளவு குடித்திருந்த ஜேமர்சன் தரையில் மல்லாந்து படுத்தவாறே வாசித்தார் என்றும் கூறுவர். இப்பாடலைக் கொண்டு 1971 இல் வெளியான அதே பெயருடைய இசைத்தொகுப்பின் உறையில்தான் மோட்டவுன் கலைஞர்களின் பெயர்கள் முறையாக அச்சிடப்பட்டன. ஜேமர்சன் பெயரும் தனிப் பாராட்டுடன் அதில் இடம்பெற்றது. அத்தொகுப்பின் சில பாடல்களில் பேஸ் வாசித்தவர் பாப் பாபிட் ஆவார்.

லாஸ் ஏஞ்சலஸ் காலம்

1972 இல் மோட்டவுன் நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு இடம்பெயர்ந்தது. டெட்ராயிட் கலைஞர்களில் பலர் வேலையிழந்தனர். ஜேமர்சன் 1973 இல் நிறுவனத்தைப் பின்தொடர்ந்து அந்நகருக்குச் சென்றார். ஆயினும் அதே ஆண்டில் ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. பிற நிறுவனங்களுக்கு வாசித்தவற்றுள் மெரிலின் மக்கூ, பில்லி டேவிஸ் ஜூனியர் இணையர் பாடிய யூ டோன்ட் ஹாவ் டு பி எ ஸ்டார் (1976) முதலிடம் பெற்றது.

ஆனால் இசையின் ஓசை மாறிக்கொண்டிருந்தது. உருண்டைக் கம்பி சுற்றிய புதிய தந்திகளின் கூர்மையான ஒலியையே தயாரிப்பாளர்கள் விரும்பினர். தந்திகளை மாற்றுமாறு கேட்கப்பட்டபோது ஜேமர்சன் மறுத்துவிட்டார். கூலிக்கு வாசிக்கும் கலைஞர், வேலை தருபவர் கேட்கும் ஒலியைத் தர வேண்டும் என்பது இத்தொழிலின் நடைமுறை. அதன்படி பார்த்தால் இவரது பிடிவாதம் தவறு. எனினும் தாம் உருவாக்கிய ஒலி தம் பெயருக்கு வராத நிலையில், எஞ்சியிருந்த ஒரே உடைமை அதுதான் என்பதையும் கருத வேண்டும். நெடுங்காலக் குடிப்பழக்கமும் சேர்ந்து வாய்ப்புகள் குறைந்தன.

1983 மார்ச் 25 அன்று மோட்டவுனின் 25 ஆம் ஆண்டு விழா பாசடீனா நகரில் நடைபெற்றது. ஜேமர்சனுக்கு மேடையில் இடமில்லை. நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்வையாளர்களுடன் பின்வரிசையில் அமர்ந்து விழாவைக் கண்டார் எனக் கூறப்படுகிறது. அதே ஆண்டில், இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் ஃபங்க் மெஷின் திருடப்பட்டது. கல்லீரல் இழைநார் வளர்ச்சி, இதய செயலிழப்பு, நுரையீரல் அழற்சி ஆகியவற்றால் ஆகஸ்ட் 2 அன்று தமது 47 ஆம் அகவையில் லாஸ் ஏஞ்சலஸில் காலமானார். உடல் டெட்ராயிட்டின் உட்லான் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

மறைவுக்குப் பின்

ஆலன் ஸ்லட்ஸ்கி 1989 இல் வெளியிட்ட ஸ்டாண்டிங் இன் த ஷேடோஸ் ஆஃப் மோட்டவுன் நூல் இவரது வாழ்க்கையையும் சுரக்குறிப்புகளையும் தொகுத்தளித்தது. அதே பெயரில் 2002 இல் ஆவணப்படம் ஒன்றும் வெளிவந்தது. 2000 ஆம் ஆண்டில் ராக் அண்ட் ரோல் புகழவையில் பக்கவாத்தியக் கலைஞர்களுக்கான பிரிவு தொடங்கப்பட்டபோது, முதல் அணியிலேயே ஜேமர்சன் சேர்க்கப்பட்டார். 2020 இல் ரோலிங் ஸ்டோன் இதழ் வெளியிட்ட சிறந்த 50 பேஸ் கலைஞர்கள் பட்டியலில் முதலிடம் இவருக்கே. பால் மெக்கார்ட்னி, ஜான் பால் ஜோன்ஸ் முதலியோர் இவரது தாக்கத்தை ஏற்றுக்கொண்டுள்ளனர். இவரது மகன் ஜேம்ஸ் ஜேமர்சன் ஜூனியரும் (இறப்பு: 2016) பேஸ் கலைஞராக விளங்கினார்.

பெயர்கள் அச்சிடப்படாத காரணத்தால் சில பாடல்களில் வாசித்தவர் இவர்தானா என்பதில் கருத்து வேறுபாடு நிலவுகிறது. லாஸ் ஏஞ்சலஸில் பணியாற்றிய வேறொரு கலைஞர் அவற்றுள் சிலவற்றுக்கு உரிமை கோரினார். உடன் வாசித்த டெட்ராயிட் கலைஞர்களும் பாடலாசிரியர்களும் அதனை மறுத்துள்ளனர்.

இவர் பயன்படுத்திய அதே தடிமன் கொண்ட தந்திகளை லா பெல்லா நிறுவனம் பின்னர் ஜேமர்சன் பெயரிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. புதிய தந்தி பழையது போல ஒலிக்க வேண்டும் என்பதற்காகப் பாலத்தின் அடியில் நுரைப்பஞ்சைச் செருகி வாசிப்போரும் உள்ளனர்.